பராசக்தி வீட்டு உப்புத்தண்ணீர் விருந்தாளி

மீன் சாப்பிட்டதா, இல்லையா? இந்த வாரம் முழுக்க என்னைத் தெருவில் கண்டவர்களெல்லாம் இதைத்தான் கேட்டார்கள். நீர்வேலியிலிருந்து ஒரு வாசகி, "மனிசருக்கே மாவும் சீனியும் தட்டுப்பாடான நேரத்திலை ஒரு மீனுக்கு உவ்வளவு எடுப்போ?" என்று கோபித்து எழுதியிருக்கிறார். எடுப்பு மீனுக்கு மட்டும் இல்லை அம்மா. அந்த வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அது கொஞ்சம் கூடுதலாகவே இருக்கிறது. அதனால்தான் எனக்கு வாராவாரம் எழுத விஷயம் கிடைக்கிறது.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுகிறேன். கொக்குவில் பராசக்தி வீட்டில் மீன், இறைச்சி என்று எந்த மச்சமும் சமைத்த சரித்திரமே கிடையாது. முட்டைகூட அந்த வாசல் படலையைத் தாண்டியதில்லை. அப்படிப்பட்ட வீட்டின் ஒரே மகன் தேவராசா, அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞர், வள்ளமும் வலையும் வைத்திருக்கிற குருநகர்ச் சம்மாட்டி பிலிப்புவின் மகள் ஸ்ரெல்லாவைக் கைப்பிடித்தார். ஸ்ரெல்லா பெண்கள் பாடசாலை ஒன்றில் விலங்கியல் படிப்பிக்கிறாள். கலியாணமாகி வந்த நாளிலிருந்து அவளும் சைவம். யாரும் கேட்காமல் தானாகவே எடுத்துக்கொண்ட சைவம்.

பாடசாலையின் ஆய்வுகூடத்தில் யுத்தத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் குடியிருப்பதால், அங்கிருந்த கடல்நீர்த் தொட்டி இப்போது பராசக்தியின் முன்விறாந்தையில் இருக்கிறது. வருகிற கிழமை விஞ்ஞானக் கண்காட்சி. கரண்ட் என்ற சொல்லையே ஊர் மறந்துகொண்டிருக்கிற நேரத்தில், ஸ்ரெல்லாவும் அவளுடைய மாணவிகளும் நாலு கண்ணாடிக்குள் ஒரு துண்டுக் கடலை உயிரோடு வைத்திருக்கிறார்கள். கண்காட்சிக்கு ராணி மாதிரி ஒரு மீன் வேண்டுமென்று அவள் ஆசைப்பட, அவளுடைய அண்ணன் லியோன் திங்கட்கிழமை பருத்தித்துறைக் கடலின் பவளப்பாரிலிருந்து ஒரு வண்ணாத்தி மீனைப் பிளாஸ்ரிக் கானில் போட்டுச் சைக்கிளிலேயே கொண்டுவந்து சேர்த்தான். உள்ளங்கை அகலம். மஞ்சள் உடம்பு. கண்ணுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. ஊசி மாதிரி நீண்ட வாய்.

வந்த நாளிலிருந்து அந்த வாய்க்குள் ஒன்றும் இறங்கவில்லை. இன்று வெள்ளிக்கிழமை.

கிணற்றடியில் தோய்ந்து, திருநீறு பூசி, கை நிறையச் செம்பரத்தம்பூவோடு வந்த பராசக்தி, சாமிப்படத்துக்குப் போகாமல் முதலில் தொட்டிக்கு முன்னால் வந்து நின்றார். போன மாதம்வரை அந்தப் பக்கம் திரும்பியும் பாராத மனுஷி.

"சாப்பிட்டதோ பிள்ளை?"

"இல்லை மாமி," என்றாள் ஸ்ரெல்லா.

"நேற்றுப் பின்னேரம் வைச்சது?"

"மற்ற மீனுகள் திண்டிட்டுதுகள். இது கிட்ட வந்தது, பிறகு கல்லுக்குப் பின்னாலை போட்டுது."

பராசக்தி குனிந்து பார்த்தார். கல்லின் நிழலில் மஞ்சளாக ஏதோ அசைந்தது.

"வயிறு உள்ளுக்குப் போட்டுது. வந்தண்டைக்கு உப்பிடி இல்லை."

ஸ்ரெல்லாவுக்கு ஆச்சரியமாக இருந்தது. அவள் நேற்று இரவு கவனித்து, கணவனிடம்கூடச் சொல்லாமல் மனதில் வைத்துக்கொண்டிருந்த விஷயம் அது.

"இஞ்சை பார் பிள்ளை," என்றார் பராசக்தி. "உந்தத் தொட்டியை வைக்க விட்டன். உப்புத்தண்ணி சிந்திச் சிந்தி என்ரை சீமெந்து நிலம் வெளிறிப் போச்சு. அதுக்கும் நான் வாய் திறக்கேல்லை. ஆனால் என்ரை வாசலுக்கு வந்த ஒண்டு பட்டினியிலை செத்தது எண்டு ஒரு கதை வரப்படாது. இந்த வீட்டிலை அப்பிடி நடந்ததே இல்லை. இண்டைக்குப் பொழுதுபடமுந்தி அது சாப்பிட வேணும். இல்லாட்டில் கொண்டுபோய்க் கடலிலை விட்டிடு. தொட்டியும் அதோடை போகட்டும்."

"கொண்டுபோற வழியிலையே செத்துப்போம் மாமி. இப்ப அதுக்கு அந்தத் தெம்பு இல்லை."

"அப்ப சாப்பிடப் பண்ணு."

பூவோடு அவர் சாமிப்படத்துக்குப் போய்விட்டார். தொட்டி போனால் கண்காட்சி போயிற்று. பெரிய வகுப்புப் பிள்ளைகள் மாதக்கணக்காகச் சைக்கிளில் கடல்தண்ணீர் சுமந்த பாடும் போயிற்று.

தொட்டிக்குப் பக்கத்தில் தேவராசா சைக்கிள் பம்ப் அடித்துக்கொண்டிருந்தார். கரண்ட் இல்லாத ஊரில் மீனுக்குக் காற்று எப்படி என்று கேட்பவர்களுக்கு: ஒரு பழைய லொறி ரியூப்பை ஊதி வைத்திருக்கிறார்கள். அதிலிருந்து ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றுகிற மெல்லிய குழாய் தண்ணீருக்குள் போகிறது. குழாயிலுள்ள சின்னச் சக்கரத்தை உருட்டினால் காற்று குமிழி குமிழியாக, அளவாக வரும். இது ஸ்ரெல்லாவின் கண்டுபிடிப்பு. ரியூப்பை ஊதுவது மட்டும் தேவராசாவின் பங்கு. 'கலியாணம் கட்டி மெலிஞ்ச ஆக்களைக் கண்டிருக்கிறம், காத்தடிச்சு மெலிஞ்ச ஆளை இப்பதான் காணுறம்' என்று கச்சேரியில் அவருக்குப் பகிடி.

"அம்மா சொல்லுறதிலையும் ஒரு ஞாயம் இருக்கு ஸ்ரெல்லா," என்றார் மூச்சு வாங்கியபடி. "நீர் இதை லியோனிட்டைக் குடுத்துவிட்டீரெண்டால் தொட்டியாவது மிஞ்சும். கண்காட்சிக்கு மற்ற மீனுகள் போதும்தானே."

"கண்காட்சிக்குப் போதும். எனக்குப் போதாது."

"உதென்ன கதை?"

"நான் ஆர் பெத்த மகள் எண்டு உங்களுக்குத் தெரியும்தானே? குருநகரிலை பிறந்தவளுக்கு ஒரு மீனுக்குச் சாப்பாடு குடுக்கத் தெரியேல்லை எண்டு என்ரை பிள்ளையளுக்கு முன்னாலை போய் நிக்கவோ? வலையிலை சாகிறது வேறை. நான் கூப்பிட்டு வைச்சுப் பட்டினி போட்டுச் சாகிறது வேறை."

தேவராசா திரும்பவும் பம்ப்பைப் பிடித்தார். மனைவி 'என்ரை பிள்ளையள்' என்று தொடங்கினால் வாயை மூடிக்கொண்டு பம்ப் அடிப்பதே நல்லது என்று அவர் படித்து வைத்திருந்தார்.

உண்மையில் ஸ்ரெல்லா செய்யாதது ஒன்றுமில்லை. மீன் வந்த அன்று அதை அப்படியே தொட்டிக்குள் கவிழ்க்கவில்லை. தொட்டித் தண்ணீரைக் கானுக்குள் சொட்டுச் சொட்டாக விட்டு, புதுத் தண்ணீருக்கு அது பழகியபிறகே இறக்கினாள். முதலே குடியிருந்த சின்னக் கறுப்பு மீன்கள் புதியதைக் கொத்தித் துரத்தும் என்று கற்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தாள். எது தங்கள் மூலை என்று தெரியாமல் அவை ஒரு நாள் முழுக்கத் திண்டாடித் திரிந்தன. கண்ணாடியில் தன் நிழலைக் கண்டு மிரளாமலிருக்க ஒரு பக்கத்தைப் பழைய சேலைத்துண்டால் மறைத்தாள்.

சாப்பாடு மட்டும்தான் சரிவரவில்லை. இறால் வைத்தாள், புழு வைத்தாள். மட்டிச் சதையை நுணுக்கமாக அரிந்து வைத்தாள். வீட்டு வளவுக்குள் மச்சம் வெட்டக் கூடாது, விறாந்தையில் மணக்கக் கூடாது என்பது தொட்டி வந்த அன்றே பராசக்தி போட்ட சட்டம். அதனால் எல்லாவற்றையும் பாடசாலையில் வைத்தே உரித்து, கழுவி, மூடி இறுக்கிய பால்மாப் போத்தலில் கொண்டுவருவாள். கறுப்பு மீன்கள் கொடுத்ததையெல்லாம் விழுங்கிக் கொழுத்தன. ராணி தொடவில்லை.

"இஞ்சாருங்கோ," என்றாள் ஸ்ரெல்லா, "உயிர் மட்டி கொஞ்சம் கிடைச்சால் வேறை விதமாக் குடுத்துப் பாப்பன். கச்சேரிக்குப் போற வழியிலை அண்ணையிட்டை ஒருக்கால் சொல்லிவிடுவீங்களே?"

கொக்குவிலிலிருந்து கச்சேரிக்குப் போகிற வழியில் குருநகர் இல்லை. அது தேவராசாவுக்கும் தெரியும், ஸ்ரெல்லாவுக்கும் தெரியும்.

"வழிதானே, சொல்லிவிடுறன்," என்றார் தேவராசா.

அன்று பாடசாலையில் ஸ்ரெல்லாவைக் கண்ட இடத்திலெல்லாம், "ரீச்சர், சாப்பிட்டதே?" என்ற கேள்விதான். மரத்தடியில் நடந்த வகுப்பில் ஒரு பெண் எழுந்து, மீனுக்காகத் தான் சந்நிதி முருகனுக்கு நேர்த்தி வைத்திருப்பதாகச் சொன்னாள். இன்னொருத்தி அந்தோனியாரிடம் பாரம் கொடுத்திருக்கிறாளாம். ஒரு மீனுக்கு இத்தனை தெய்வங்கள் பொறுப்பு என்றால் எனக்கென்ன கவலை என்று ஸ்ரெல்லா சிரித்தாள். சிரித்துவிட்டுத் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், காலையில் மாணவி ஒருத்தி கொண்டுவந்து கொடுத்திருந்த மட்டியை உரித்து, வழமைபோல மணம் போகக் கழுவி, மாப்போத்தலில் போட்டாள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்தபோது விறாந்தையில் ஒரு புதுக் காட்சி. தொட்டிக்கு முன்னால் கதிரையைப் போட்டுப் பராசக்தி உட்கார்ந்திருந்தார். கோயிலுக்குப் போய்வந்து, சமைத்து முடித்து, அங்கேயே இருந்திருக்கிறார். குசினிக்குள் சோற்றுப்பானை மூடியபடி. வெட்டி வைத்த வாழையிலை சுருண்ட மாதிரியே கிடந்தது.

வெள்ளிக்கிழமை பராசக்திக்கு விரதம். மத்தியானம் ஒருநேரச் சாப்பாடுதான். அதுவும் இன்னும் ஆகவில்லை.

"நீங்கள் சாப்பிடேல்லையோ மாமி? நேரமாச்சுதெல்லே?"

"வந்தவன் இன்னும் சாப்பிடேல்லை," என்றார் பராசக்தி, கண்ணைத் தொட்டியை விட்டு எடுக்காமல்.

ஸ்ரெல்லாவுக்குப் பகீரென்றது. காலையில் போட்ட கட்டளை கோபத்தில் சொன்னது என்றே நினைத்திருந்தாள். விருந்தாளிக்கு முதல் தான் கைநனைப்பதில்லை என்ற வழக்கம் இந்த வீட்டில் உண்டு என்பது அவளுக்குத் தெரியும். அது ஒரு மீனுக்கும் பொருந்தும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை. இனி இரண்டு பேருடைய பட்டினி அவள் தலையில்.

போத்தலைத் திறந்தாள். சதைத்துண்டு ஒன்றை ஈர்க்கில் குத்தித் தண்ணீருக்குள் மெல்ல இறக்கினாள். கறுப்பு மீன்கள் விழுந்தடித்து வந்தன. ஒரு கையால் அவற்றை விலக்கிக்கொண்டு, மற்றக் கையால் ஈர்க்கைக் கல்லுப் பக்கம் நீட்டினாள். வண்ணாத்தி வெளியே வந்தது. வந்து, நின்று, நீண்ட வாயால் ஒரு கொத்து.

அடுத்த நொடி துண்டு வெளியே வந்து விழுந்தது.

"கண்டியோ?" என்றார் பராசக்தி. "நேற்றும் உப்பிடித்தான் செய்தது. பசியில்லாத பிள்ளை கிட்டவும் வராது. இது வருகுது, வாயிலை வைக்குது, வைச்சிட்டுத் துப்புது. உப்புக் கூடின கறியை வாயிலை வைச்ச ஆள் மாதிரி. நீ அதிலை என்ன போட்டனி?"

"ஒண்டும் போடேல்லை மாமி. வெறும் மட்டிச் சதை."

"வெறும் சதையோ? உந்தப் போத்தல் திறந்து ஒரு நாளாவது எனக்கு மச்ச மணம் வந்ததில்லை. மச்சம் மணக்காமல் இருக்குமே?"

ஸ்ரெல்லா கையிலிருந்த போத்தலைப் பார்த்தாள். மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"மஞ்சள்," என்றாள். "ஐயோ மாமி, மஞ்சள்!"

"என்ன மஞ்சள்?"

"மஞ்சளும் உப்பும் போட்டுப் பிரட்டி, நல்லதண்ணியிலை நாலு தரம் கழுவித்தான் கொண்டுவாறனான். உங்கடை விறாந்தையிலை மணக்கப்படாதெண்டு. மற்றதுகள் கண்டதையும் விழுங்குங்கள், அதுகளுக்கு ஒண்டும் தெரியேல்லை. இதுக்குத் தெரிஞ்சிட்டுது."

மீனைக் கழுவும்போது மஞ்சள் பிரட்டுவது குருநகரில் கைக்குப் பழகிய காரியம். மூளையைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை. பட்டம் பெற்ற விலங்கியல் ஆசிரியைக்கும் அந்தக் கை அந்தக் கைதான். கறிச்சட்டிக்குப் போகிற மீனுக்குச் செய்வதை, மீனுடைய சாப்பாட்டுக்கும் செய்திருக்கிறாள். ஸ்ரெல்லாவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

பராசக்தி சிரிக்கவில்லை.

"எனக்காகவோ செய்தனி?"

"ஓம் மாமி."

"நான் மணக்கப்படாதெண்டு சொன்னதுக்காக, ஒவ்வொரு நாளும் அவ்வளவு பாடுபட்டிருக்கிறாய்."

"அது ஒரு பாடோ மாமி."

பராசக்தி சேலைத்தலைப்பால் கண்ணாடியில் பட்டிருந்த உப்புக் கறையைத் துடைத்தார். தொட்டி வந்த காலத்திலிருந்து இந்த விறாந்தையில் மச்சம் மணக்கவேயில்லை. அது எப்படி என்று அவர் ஒரு நாளும் யோசித்துப் பார்த்ததில்லை. இப்போது யோசித்தார்.

அந்த நேரம் பார்த்து வீட்டு முன் ஒழுங்கையில் சைக்கிள் மணி கேட்டது. முன்னால் தேவராசா, அரைநாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். பின்னால் லியோன், கையில் ஒரு வாளி. தேவராசா உள்ளே வர, லியோன் வழமைபோலப் படலைக்கு வெளியே நின்றுகொண்டான்.

லியோன் ஏன் உள்ளே வருவதில்லை என்பது பழைய வாசகர்களுக்குத் தெரியும். கலியாணமான புதிதில் பிலிப்பு, சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போவது அழகில்லை என்று, தன் வலையில் பட்டதிலேயே ஆகத் திறமான பாரை மீனைத் தோளில் போட்டுக்கொண்டு இந்தப் படலைக்கு வந்தார். குருநகரில் அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. பராசக்தி பதறிப்போய், "ஐயோ, உள்ளுக்குக் கொண்டுவர வேண்டாம்!" என்று கத்திவிட்டார். அவர் சொன்னது மீனை. பிலிப்பு எடுத்துக்கொண்டது தன்னை. தோளில் மீனோடு திரும்பிப் போனவர், இன்றுவரை கொக்குவில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. லியோன் தங்கைக்காக வருவான், படலையோடு நின்று திரும்பிவிடுவான்.

ஸ்ரெல்லா படலைக்கு ஓடினாள். வாளிக்குள் கடல்தண்ணீர், அதற்குள் மட்டிகள் வாயை இறுக மூடிக்கொண்டு கிடந்தன.

"முழு உயிரோடை கிடக்கு ஸ்ரெல்லா," என்றான் லியோன்.

அவளுக்கு இப்போது எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. பாரிலே பிறந்த மீன். உயிருள்ளதைக் கொத்தித்தான் அதற்குப் பழக்கம். மட்டியைப் பாதி திறந்து, ஓட்டோடு, சதை துடிக்கத் துடிக்கக் கல்லின்மேல் வைக்க வேண்டும். கழுவக் கூடாது, பிரட்டக் கூடாது.

"மாமி, நான் ஒழுங்கையிலை வைச்சுத் திறந்துகொண்டு ஓடிவாறன்," என்று விறாந்தையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஓடிவந்து பரிமாறுறதோ?"

பராசக்தி கதிரையை விட்டு எழுந்திருந்தார். ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் மனதுக்குள் நடந்த சண்டை சின்னச் சண்டை இல்லை. நோயில் கிடந்தபோது டொக்டர் சொல்லியும் முட்டை தொடாதவர். இன்று வெள்ளிக்கிழமை. வெற்று வயிறு. சாமிப்படத்துக்கு வைத்த பூ இன்னும் வாடவில்லை. மறுபக்கம், தன் விறாந்தையில் ஒரு சீவன் பசியோடு நிற்கிறது. அதற்கு என்ன வேண்டுமென்று தெரிந்தும் கொடுக்காமல் இருப்பதா? இந்த வீட்டில் வந்தவருக்கு அவரவர்க்குப் பிடித்ததைக் கேட்டுக் கேட்டுப் பரிமாறியே அவர் பேர் வாங்கினவர்.

"தம்பி," என்றார் கடைசியில், படலையைப் பார்த்து. "வாளியோடை உள்ளுக்கு வா."

லியோன் தங்கையைப் பார்த்தான். தங்கை கணவனைப் பார்த்தாள். தேவராசா பம்ப்பை நெஞ்சோடு அணைத்தபடி தாயைப் பார்த்தார்.

"அம்மா, இதுக்குள்ளை மட்டி..." என்று இழுத்தான் லியோன்.

"மட்டி எண்டு எனக்குத் தெரியாதோ? கொண்டு வா எண்டுறன். ஆனால் ஒண்டு, என்ரை குசினிக் கத்தி மட்டும் தரமாட்டன்."

"வேண்டாம் அம்மா, என்னட்டை வில்லுக்கத்தி இருக்கு."

அந்தப் படலைக்குள் முதன்முதலாகக் கால் வைத்த லியோன், செருப்பைக் கழற்றிவிட்டு, தண்ணீர் சிந்தாமல் பூனை நடை நடந்து வந்தான். விறாந்தையில் குந்தியிருந்து, மட்டியின் வாயிடுக்கில் கத்தி நுனியைச் செருகி ஒரு திருப்பு. ஓடு பாதி விலகியது. உள்ளே வெளிர்நிறச் சதை சுருங்கி விரிந்தது. பராசக்தி, "முருகா," என்றார். ஆனாலும் முகத்தைத் திருப்பவில்லை.

ஸ்ரெல்லா கையை முழங்கை வரை தொட்டிக்குள் விட்டு, மட்டியைக் கல்லின்மேல் வாய் மேலே பார்க்கும்படி வைத்தாள். கறுப்பு மீன்கள் வந்தன. ஈர்க்கால் தட்டித் துரத்தினாள்.

வண்ணாத்தி நிழலை விட்டு வந்தது. மட்டியை ஒரு சுற்றுச் சுற்றியது. ஒரு கண்ணால் பார்த்தது. திரும்பி மற்றக் கண்ணாலும் பார்த்தது. கலியாண வீட்டில் பந்தி சரியில்லை என்று எழும்பிப் போகப்போகிற சம்பந்தியைப் பார்க்கிற மாதிரி நாலு பேரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு அந்த நீண்ட வாய் ஓட்டின் இடுக்குக்குள் போயிற்று. ஒரு இழுவை. சதை அறுந்து வந்தது.

துப்பவில்லை.

இன்னொரு கொத்து. இன்னொன்று. வாலை ஆட்டிக்கொண்டு, தலையை ஓட்டுக்குள் விட்டுக்கொண்டு, நாலு நாள் பசியையும் ஒரே மூச்சில் தீர்ப்பது மாதிரி.

"தின்னுது! அக்கறையாத் தின்னுது!" என்று கத்தினான் லியோன்.

"சாப்பிடுது எண்டு சொல்லு தம்பி," என்றார் பராசக்தி. "என்ரை வீட்டு விருந்தாளி அது."

தேவராசா பம்ப்பைக் கீழே போட்டுவிட்டுக் கைதட்டினார். ஸ்ரெல்லாவின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஈரக்கையால் முகத்தைத் துடைத்ததில் கன்னமெல்லாம் கடல்தண்ணீர். அவளுக்கு அப்போது தலை முகட்டில் முட்டுகிற மாதிரி ஒரு பெருமை. புத்தகம் எழுதினவர்கள் மின்சாரப் பம்ப்போடும் மின்விளக்கோடும் செய்கிற காரியத்தை, அவள் லொறி ரியூப்போடும் சேலைன் குழாயோடும் கொக்குவிலில் செய்துவிட்டாள். திங்கட்கிழமை அவளுடைய பிள்ளைகள் இதற்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையோடு நின்று விளக்கம் சொல்வார்கள். முருகனுக்கும் அந்தோனியாருக்கும் நேர்த்தி வைத்த இருவரும் முன்வரிசையில் நிற்பார்கள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுப் பத்மாவதி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன பராசக்தியக்கா, வீட்டிலை ஏதும் விசேஷமோ?"

இதே பத்மாவதியிடம், கலியாணம் முடிந்த புதிதில், "என்ன செய்யிறது, பெடியன் ஆசைப்பட்டிட்டான்," என்று பராசக்தி தலை குனிந்து சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. இன்று அவர் விறாந்தைப் படியில் இறங்கி நின்றார். வெற்று வயிற்றோடு நின்றவரின் குரல் அடுத்த ஒழுங்கைக்கும் கேட்டிருக்கும்.

"விசேஷம்தான் பத்மாவதி! பருத்தித்துறைக் கடலிலை இருக்கிற மீன் ஒண்டு எங்கடை வீட்டிலை இருந்து சாப்பிடுது. கரண்டும் இல்லை, மெசினும் இல்லை. என்ரை மருமகள் வளர்க்கிறாள். உந்த ஊரிலை வேறை ஆருக்கு ஏலும் சொல்லு பாப்பம்? பின்னேரம் பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு வந்து பார்."

'என்ரை மருமகள்.' ஸ்ரெல்லா அதை இரண்டாம் தரம் கேட்க ஆசைப்பட்டு அப்படியே நின்றாள். இந்த வீட்டுக்கு வந்து இத்தனை நாளில் அந்தச் சொல் வேலிக்கு அப்பால் போனது இதுதான் முதல் தடவை.

"இனியாவது சாப்பிடுங்கோ அம்மா," என்றார் தேவராசா. "நேரம் என்ன ஆச்சு."

"இலையைப் போடு பிள்ளை. தம்பிக்கும் போடு," என்றார் பராசக்தி. "தம்பி, கையைக் கழுவிக்கொண்டு வந்து இரு. எங்கடை சாப்பாட்டிலை மச்சம் இல்லைத்தான். ஆனால் கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு வைச்சிருக்கிறன்."

லியோன் நெளிந்தான். கத்தியை மடக்கினான், திறந்தான், திரும்பவும் மடக்கினான்.

"வேண்டாம் அம்மா. நான் போகவேணும்."

"ஏன் தம்பி? இவ்வளவு செய்துபோட்டு வெறும் வயிற்றோடை போறதோ?"

"அதில்லை அம்மா. அப்பா..."

"அப்பாவுக்கு என்ன?" என்று பதறினாள் ஸ்ரெல்லா.

"ஒண்டுமில்லை, நல்லா இருக்கிறார். அத்தான் வந்து சொன்ன உடனை அவர்தான் சேத்துக்குள்ளை இறங்கி மட்டி கிண்டினவர். என்னைத் தொடவும் விடேல்லை. வழியிலை ரெண்டு தரம் நிண்டு, வாளித் தண்ணியைக் கையாலை கலக்கிக் கலக்கிக் காத்துப் பிடிக்கவைச்சவர். 'என்ரை பிள்ளை மீனைச் சாகவிட்டவள் எண்டு கொக்குவிலார் சொல்லப்படாது' எண்டு சொல்லிச் சொல்லி வந்தவர்." லியோன் குரலைத் தாழ்த்தினான். "ஒழுங்கை முடக்கிலை, பூவரசுக்குக் கீழை நிக்கிறார். மீன் சாப்பிட்டதோ இல்லையோ எண்டு நான் போய்ச் சொன்னால் போதுமாம். போயிடுவாராம்."

விஷயம் முதலே தெரிந்திருந்த தேவராசா மனைவியின் முகத்தைப் பார்க்கப் பயந்து ரியூப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஸ்ரெல்லா ஓடப் போனாள்.

"நீ நில்லு பிள்ளை," என்றார் பராசக்தி.

சேலைத்தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டார். படியில் இறங்கினார். பட்டினி கிடந்த உடம்பு ஒருமுறை தள்ளாடியது. தேவராசா பிடிக்கப் போக, கையைத் தட்டிவிட்டார். முற்றத்தைத் தாண்டி, படலையை அகலத் திறந்து வைத்துவிட்டு, ஒழுங்கைக்குள் இறங்கி நடந்தார். அந்த வீட்டுக்கு வந்தவர்களைக் கூப்பிட அவர் படலைக்கு வெளியே போனதை நான் கண்டதில்லை.

பூவரசின் கீழ் ஒரு சைக்கிள். அதன் கைபிடியைப் பிடித்தபடி, முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய சாரத்தோடு, சேறு காய்ந்த கால்களோடு, பிலிப்பு நின்றார். பராசக்தி வருவதைக் கண்டதும் சைக்கிளைத் திருப்பிப் பிடித்தார்.

"சம்பந்தியார்!"

பிலிப்பு நின்றார். ஆனால் திரும்பவில்லை.

"உங்கடை மகள் மீனுக்குச் சாப்பாடு குடுத்திட்டாள்," என்றார் பராசக்தி. மூச்சு வாங்கியது அவருக்கு. குரல் மட்டும் வேலிக்கு மேலால் பத்மாவதியோடு பேசிய அதே பெரிய குரல். "நான் இன்னும் சாப்பிடேல்லை. நீங்கள் வந்து இருந்தால்தான் என்ரை வீட்டிலை இண்டைக்கு இலை போடலாம்."

படலையடியில் நின்ற ஸ்ரெல்லாவுக்குத் தகப்பனின் முதுகு மட்டும்தான் தெரிந்தது. அந்த முதுகு அசையவில்லை. கடலில் எந்தக் காற்றுக்கும் குனியாத முதுகு என்று குருநகரில் பேர் எடுத்தது அது. பிறகு மெல்ல, அவருடைய கை சாரத்தின் மடிப்பை அவிழ்த்துக் கணுக்கால்வரை இறக்கிவிட்டது.

பெரியவர்களுக்கு முன்னால் வரும்போது குருநகர் ஆண்கள் அப்படிச் செய்வார்கள். தூரப்பயணம் புறப்படும்போதும் அப்படித்தான் செய்வார்கள். பிலிப்பு செய்தது எதற்கு என்று அடுத்த கிழமை எழுதுகிறேன்.